பொம்மையனின் உள்ளங்கை

எரியோட்டுக்கு வடக்கே ஐந்தாறு ஊர்களில் இன்று தண்ணீர் இருக்கிற கிணறுகளில் பாதிக்கு மேல் பொம்மையன் நடந்து காட்டிய இடத்தில் தோண்டியவை. இன்னும் சிலர் அவர் பேச்சைக் கேட்காமல் தோண்டிவிட்டு, இப்போது அந்தக் குழிகளைச் சுற்றி முள் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். ஒருமுறை அவர் காட்டிய இடத்தில் போர் போட்டபோது பீய்ச்சி அடித்த தண்ணீர், மேலே பறந்துபோன கொக்கை நனைத்துக் கீழே இறக்கிவிட்டது என்பார்கள். கொக்கு இறங்கியது பொய். நனைந்தது உண்மை.

பார்க்கிறவர்களுக்கு அது பெரிய வித்தையாகத் தெரியாது. குடுமியோடு உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தோட்டத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நடப்பார். அடியில் நீரோட்டம் இருந்தால் படுத்திருக்கும் தேங்காய் தானாக எழுந்து, குடுமியை வானத்துக்குக் காட்டி நிற்கும். அங்கே ஒரு கல்லை வைத்துவிட்டு வெற்றிலை பாக்கோடு கிளம்பிவிடுவார். நடக்கிறபோது யாரும் குறுக்கே வரக் கூடாது, பேசக் கூடாது, இருமல் வந்தால் வரப்புக்கு அந்தப் பக்கம் போய் இருமிவிட்டு வர வேண்டும். இதெல்லாம் நிஜமா என்று கேட்டால், பூமிக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சாட்சி சொன்னவர் யாருமில்லை. ஊர் நம்பியது. ஊரைவிடப் பொம்மையன் நம்பினார். தேங்காய் எழவில்லையென்றால் எழவில்லை என்று சொல்லிவிடுவார். கோழி அடித்துக் குழம்பு வைத்தாலும் அந்த வாயிலிருந்து வேறு வார்த்தை வராது.

ஒரே ஓர் இடத்தில் தவிர.

அது அவருடைய தங்கை ஜக்கம்மாள் வாழ்க்கைப்பட்ட தோட்டம். மாப்பிள்ளை ஆண்டிச்சாமி பொம்மையனுக்கு உள்ளூர்க்காரர். கிணறு வற்றி, தக்காளிச் செடியெல்லாம் கருகின வருஷம், போர் போட இடம் பார்க்க மச்சானைக் கூப்பிட்டார். பொம்மையன் சுற்றிச் சுற்றி நடந்தார். தேங்காய் குட்டையில் படுத்த எருமை மாதிரி அசையாமல் கிடந்தது. வரப்பில் ஆண்டிச்சாமியின் தாய் ஒச்சாயி உட்கார்ந்திருந்தாள். திண்டுக்கல் பூட்டே போட்டாலும் அடைபடாத வாய் அது.

“ஊரு ஒலகத்துக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுக்குறாரு மவராசன். கூடப் பொறந்தவ காட்டுக்கு வந்ததும் தேங்காய்க்குத் தூக்கம் வந்துருச்சு போல.”

ஜக்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலைதான் பொம்மையனைச் சாய்த்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தங்கைக்கு மட்டும் கேட்கும்படி, குடிக்கச் செத்த தண்ணி கொண்டா ஆத்தா என்றார். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு, தோட்டத்தைக் குறுக்கே கடந்து தெருக்குழாய்க்குப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள், ஈசானிய மூலையில், பொம்மையன் தம் மணிக்கட்டை ஓர் இம்மி சாய்த்தார். தேங்காய் எழுந்து நின்றது. பார்த்தவர்கள் கும்பிட்டார்கள். ஒச்சாயியும் கும்பிட்டாள்.

போர் வண்டி வந்து இறங்கி, ஓட்டியது, ஓட்டியது, பாதாளத்தில் இருப்பவன் கதவைத் தட்டிப் புகார் சொல்கிற ஆழம் வரைக்கும் ஓட்டியது. வந்தது வெள்ளைப் புழுதி. வண்டியை நிறுத்தியபோது சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் பவுடர் அப்பினது போல முகம். அந்த வெள்ளை முகங்கள் அத்தனையும் பொம்மையனைப் பார்த்தன. அவர் வாயைத் திறந்தார்.

“நடக்குறப்ப குறுக்க காலிக்குடம் போச்சு.”

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. யார் குடம் என்று ஒச்சாயிக்குத் தெரியும்.

ஆண்டிச்சாமி வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வாட்ச்மேனாகப் போனார். ஜக்கம்மாள் தினமும் பஸ் ஏறித் திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு மசாலாக் கடையில் பாக்கெட் போட்டாள். ஊர் அவளை நல்லது கெட்டதில் கெட்டதுக்கு மட்டும் கூப்பிட்டது. விதைப்பு நாளில் விதைக் கூடையைத் தொட விடமாட்டாள் மாமியார். புது மாடு வந்தால் மருமகள் உள்ளே இருக்க வேண்டும். ஜக்கம்மாளும் சண்டை போடவில்லை. குடத்தோடு குறுக்கே போனது நிஜம்தானே என்று அவளே நம்பிவிட்டாள். தண்ணீர் கேட்டது அண்ணன்தான் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் அவசரத்தில் கேட்டிருப்பார், நாம் வரப்பைச் சுற்றிப் போயிருக்கலாம் என்பது அவள் கணக்கு. அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம், “நான்தேன் உங்க பேரைக் கெடுத்துட்டேண்ணே” என்பாள். பொம்மையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். அதன் பிறகு அவர் தேங்காயைத் தொடவில்லை. தோள்பட்டை வலி என்று சொல்லிவிட்டார். வலி தோளில் இல்லை என்பது அவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

இப்படியே வருஷங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது ஜக்கம்மாளின் மகள் சுகன்யாவுக்கு வைகாசியில் கல்யாணம் முடிவானது. முகூர்த்தக்கால் ஊன்றுகிற குழியில் நவதானியம் போட்டுப் பால் ஊற்ற வேண்டியவள் பெண்ணின் தாய். ஒச்சாயி சம்பந்திகள் இருக்கும்போதே சொல்லிவிட்டாள்: குழி என்று ஒன்று தோண்டினால் அந்தப் பக்கம் இவள் வரக் கூடாது, சின்ன மருமகள் செய்யட்டும். சுகன்யா அழுதாள். ஜக்கம்மாள், அப்பத்தா சொல்றது சரிதேன், உனக்கு எதுவும் ஆயிரக் கூடாது என்று மகளையே அடக்கினாள். அந்த இடத்தில் தாய்மாமனாகப் பொம்மையனும் உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த காபி ஆறிப்போய் ஏடு கட்டியது.

நாடகம் வந்து சேர்ந்தது அந்தக் கல்யாணத்துக்கு முந்தின மாசத்தில்தான்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் ஊர் இளைஞர்கள் மேடை போடுவார்கள். எரியோட்டில் பிளக்ஸ் பேனர் கடை வைத்திருக்கும் செழியன் எழுதுவான். எப்போதும் சிரிப்பு நாடகம். இந்த வருஷம் அவன் சோக நாடகம் எழுதிவிட்டான். ‘மண்ணுக்கு என்ன கோபம்’ என்று பெயர். தண்ணீர் தேடிப் போர் மேல் போர் போட்டு, கடைசியில் வறண்ட கிணற்றுக்குள் விழுந்து சாகும் ஒரு விவசாயியின் கதை. ஊரில் அடிபட்ட பேச்சையெல்லாம் பொறுக்கி வைத்துக்கொண்டு எழுதியிருந்தான். தேங்காய் வைத்துப் பார்க்கும் பாத்திரம் ஒன்று உண்டு. அதற்கு வந்த பையன்கள் கையில் தேங்காய் பம்பரமாய் உருண்டது. எனவே பொம்மையன் காலில் விழாத குறையாகக் கேட்டார்கள். மறுத்தால், தண்ணீர் பார்க்கத்தானே தோள்வலி, நடிக்க என்ன என்று கேள்வி வரும். ஒத்துக்கொண்டார்.

ஒத்திகை, ஓடாத ரைஸ் மில் கொட்டகையில். அங்கேதான் அவர் அந்தக் குடத்தைப் பார்த்தார்.

செழியன் கெட்டிக்காரன், அதில் ஐயமில்லை. விவசாயியின் மனைவிக்கு அவன் வசனமே அதிகம் கொடுக்கவில்லை. ஒரு குடத்தைக் கொடுத்திருந்தான். முதல் காட்சியில் புது மருமகளாக நிறைகுடத்தோடு படியேறுகிறாள், தண்ணீர் தளும்பித் தரை நனைகிறது. அடுத்து வரும்போது குடம் பாதி. அவள் அதை இடுப்பில் சாய்க்கிற சாய்ப்பிலேயே பாதி என்று தெரியும். பிறகு காலி. கடைசியில் புருஷன் செத்த சத்தம் கேட்டதும் குடம் கை நழுவி உருண்டு, மேடை விளிம்பில் வந்து, வாயைத் திறந்தபடி ஜனங்களைப் பார்த்துக் கிடக்கும். விளக்கு அதன் மேல் மட்டும்.

“குடத்தப் பாத்தா அவளத் தெரியணும் சித்தப்பு” என்றான் செழியன். “அவளும் ஒரு குடந்தேன். வாரப்ப நெறஞ்சு வந்தா. இந்த மண்ணு அவளக் காலியாக்கிருச்சு. அப்பறம் அவ போற எடமெல்லாம் காலியாகுது. விதி சித்தப்பு. வசனத்துல சொன்னா ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்ருவாங்க. குடமா வந்தா விடாது.”

விடவில்லைதான். மனைவியாக நடித்த கௌசல்யா நூல் மில்லில் வேலை பார்க்கிற பெண். வாய்த்துடுக்கு. முதல் நாள் ஒத்திகையில் குடத்தைச் சுழற்றி விளையாடிக்கொண்டிருந்தாள். நாளாக நாளாக, குடத்தை எடுத்ததுமே அவள் கழுத்து தானாகக் குனிந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு காட்சியில் எந்தப் பக்கமாக நடந்தால் யாருக்கும் குறுக்கே போகாமல் இருக்கலாம் என்று தயங்கி நின்றாள். அது பொம்மையனின் தங்கை நிற்கிற நிற்றல். மசாலாக் கடையிலிருந்து பஸ் இறங்கி வீட்டுக்கு வரும்போது, யார் வீட்டு வாசலில் என்ன நல்ல காரியம் நடக்கிறதோ என்று பார்த்துப் பார்த்து ஜக்கம்மாள் நிற்கிற நிற்றல். தாம் வாயில் போட்டுத் துப்பிய ஒரு சொல்லை எடுத்துச் செழியன் கழுவித் துடைத்து, விளக்கு போட்டு, அழகாக்கி வைத்துவிட்டான் என்று புரிந்தது. இதுவரை அது ஒச்சாயி வாயில் கிடந்த வசவு. இனி அது கலை. வசவை மறக்கலாம், இதை எப்படி மறப்பார்கள்?

ஒத்திகை பார்க்க வந்தவர்கள் கௌசல்யாவைப் பார்த்து, “ஜக்கம்மா வருது, தண்ணி வத்திரும், மோட்டார அமத்துங்கப்பா” என்று சிரித்தார்கள்.

பொம்மையன் குடத்தை எடுத்துவிடச் சொல்லிப் பார்த்தார். காரணம் கேட்டான் செழியன். குடம் பழசு, ஓட்டை விழுந்துவிடும் என்றார். கலைக்கு ஓட்டை நல்லது என்றான் அவன். வேறு வழியில்லாமல் அவர் செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஐம்பதைத் தாண்டிய மனிதர், ஊரில் நாலு பேர் எழுந்து நின்று மரியாதை கொடுக்கிறவர், அந்தப் பித்தளைக் குடத்தை வேட்டிக்குள் மறைத்து எடுத்துக்கொண்டுபோய் வைக்கோல் போரில் செருகிவிட்டார். வழியில் பார்த்தவர்கள், அவருக்குத் திடீரென்று தொப்பை போட்டுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் மறுநாள் செழியன் அசரவில்லை. பித்தளை போனால் போகட்டும், இந்தக் காலத்தில் யார் பித்தளைக் குடத்தில் எடுக்கிறார்கள் என்று கடையில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம் வாங்கி வந்துவிட்டான்.

தோட்டத்தில் தேங்காய் பார்த்த அன்று ஜக்கம்மாள் இடுப்பில் இருந்ததும் பச்சைப் பிளாஸ்டிக் குடம்தான்.

திருவிழா அன்று, பத்து மணிக்குள் முடிக்க வேண்டும் என்று போலீஸ் சொல்லியிருந்ததால் பொழுது சாய்ந்ததும் நாடகத்தைத் தொடங்கிவிட்டார்கள். மைக்கும் விளக்கும் திண்டுக்கல்லிலிருந்து முகமது பாரூக். முன்வரிசையில் ஒச்சாயி, சின்ன மருமகள், சுகன்யா. ஆண்டிச்சாமி மில்லில் லீவு போட்டு வந்திருந்தார். ஜக்கம்மாள் கூட்டத்துக்குள் வரவில்லை. மேடைக்குப் பக்கவாட்டில் வேப்பமரத்தடியில் நின்றாள்.

நிறைகுடம் வந்தது. பாதிக்குடம் வந்தது. ஜனங்கள் சத்தமில்லாமல் பார்த்தார்கள். தேங்காய்க் காட்சி வந்தது. எழுதியிருந்தபடி பொம்மையன் தேங்காயோடு நடக்க, கௌசல்யா காலிக்குடத்தோடு குறுக்கே போக வேண்டும். அவர் அதைக் கண்டு திடுக்கிட்டு நிற்க, விளக்கு குடத்தின் மேல் விழ வேண்டும். பொம்மையன் நடந்தார். பாதியில் நின்றார். எழுதாத வசனம் ஒன்று அவர் வாயிலிருந்து வந்தது.

“நாக்கு வறளுது. குடிக்கச் செத்த தண்ணி கொண்டா, ஆத்தா.”

கௌசல்யா விழித்தாள். பிறகு, தண்ணீர் கேட்டால் வேறு என்ன செய்வது, குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவ்வளவுதான். அதே குடம், அதே காலி, அதே குறுக்கு நடை. ஆனால் இப்போது மேடையில் போனது தரித்திரம் பிடித்தவள் இல்லை. தாகத்தில் இருப்பவனுக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவள். கௌசல்யாவுக்கே அது உறைத்திருக்க வேண்டும். அத்தனை நாளில் முதல் தடவையாக நிமிர்ந்து நடந்தாள்.

விளக்கு பழக்கதோஷத்தில் குடத்தின் பின்னாலேயே போனது. பொம்மையன், “பாரூக் தம்பி, வெளிச்சத்த இங்கிட்டுத் திருப்பு” என்றார். திருப்பினான். அவர் மேடை விளிம்புக்கு வந்து கையை நீட்டினார். உள்ளங்கையில் தேங்காய் படுத்திருந்தது. ஜனங்கள் எல்லாரும் பார்க்கும்படி, மெதுவாக, மணிக்கட்டைச் சாய்த்தார். தேங்காய் எழுந்தது. நிமிர்த்தினார், படுத்தது. சாய்த்தார், எழுந்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

கைத்தட்டல் எரியோடு வரைக்கும் கேட்டது, எரியோட்டுக்காரர்கள் வெடி என்று நினைத்தார்கள். அதற்குப் பிறகு நாடகமே வேறாகிவிட்டது. விவசாயி ஒவ்வொரு தடவை மண்ணைத் திட்டும்போதும் ஜனங்கள் அந்தக் கையை நினைத்தார்கள். கடைசியில் குடம் உருண்டு வாயைத் திறந்து கிடந்தபோது அதைப் பார்த்து யாருக்கும் பயம் வரவில்லை. பாவம், அதற்கு ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவில்லையே என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

செழியன் முதலில் கொதித்தான், பிறகு குதித்தான். “கை! கைதேன் சித்தப்பு. எனக்குத் தோணாமப் போச்சே. மண்ணு மேல பழிய வச்சிருந்தேன், நீங்க மனுசன் மேல வச்சுட்டீங்க” என்று கட்டிக்கொண்டான். ஊர்ப் பெரியவர்கள் துண்டு போர்த்தினார்கள். ஆண்டிச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, மச்சானுக்கு இம்புட்டு நடிப்பு வரும்னு தெரியாமப் போச்சே என்றார். ஒச்சாயியிடம் யாரோ, பாத்தியா, காலிக்குடத்துல ஒண்ணுமில்ல என்று சொல்ல, கிழவி சட்டென்று வெட்டினாள்: நாடகத்துல நல்லாருக்கும், வீட்டுல காலிக்குடம் காலிக்குடந்தேன்.

பொம்மையனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஊர் முன்னால் தம் குற்றத்தை உரித்துக் காட்டியாயிற்று என்று நினைத்தார். ஊரோ அதைக் கற்பனை என்று மெச்சி மாலை போட்டுவிட்டது. பொய் சொன்னபோது நம்பினார்கள், உண்மையைக் காட்டும்போது கைத்தட்டுகிறார்கள். இப்படியே விட்டுவிட்டால் என்ன என்றும் ஒரு நினைப்பு வந்தது. சொல்லவும் சொல்லியாயிற்று, மானமும் போகவில்லை. அந்த நினைப்பு இனித்தது, அது இனித்ததே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

மேடைக்குப் பின்னால் அவர் தேங்காயெண்ணெய் தொட்டு முகத்து மையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஜக்கம்மாள் வந்து நின்றாள். அந்தக் கூட்டத்தில் நாடகமாக எடுத்துக்கொள்ளாதவள் அவள் ஒருத்திதான். தண்ணீர் கேட்டது அவளுக்கும் அண்ணனுக்கும் மட்டுமே தெரிந்தது.

“அண்ணே, தண்ணி கேட்டது செழியன் எழுதுனதா?”

இல்லை என்று தலையாட்டினார்.

“கைய்யி?”

பொம்மையன் தலையைக் குனிந்துகொண்டார். எண்ணெய் வழிந்து கழுத்தில் இறங்கியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழவில்லை.

“இம்புட்டு வருசமா உங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்” என்றாள். பிறகு, “எல்லாத்தையும் தொடச்சுட்டு, வேட்டி சட்டையோட காலையில எங்க வீட்டுக்கு வாங்க. எங்கத்தகிட்ட வாயால சொல்லுங்க. வெளக்கு வேணாம், தேங்கா வேணாம்.”

மறுநாள் காலை அவர் போனபோது ஒச்சாயி வாசலில் மத்தியானச் சோற்றுக்கு வெஞ்சனமாகக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். ஆண்டிச்சாமி டீ குடித்துக்கொண்டிருந்தார். வாய்யா நடிகரே என்று வரவேற்றார். பொம்மையன் உட்காரவில்லை. நின்றபடி சொன்னார். தேங்காய் எழவே இல்லை, தாம்தான் சாய்த்தது, தண்ணீர் கேட்டு அவளை அனுப்பியதும் தாம்தான், போர் பொய்த்தபோது தப்பிக்கக் குடத்தைச் சொன்னதும் தாம்தான். மேடையில் அவ்வளவு அழகாக வந்தது, வாசலில் திக்கித் திணறி, முன்னுக்குப் பின் முரணாக, வெட்கங்கெட்டதாக வந்தது. உவமை எதுவும் உதவிக்கு வரவில்லை.

ஒச்சாயி முதலில் சிரித்தாள். இன்னும் நாடகம் முடியலையா என்றாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். ஆண்டிச்சாமி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மச்சானைத் தாண்டித் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அடித்திருந்தால் பொம்மையனுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

கிழவி வெகுநேரம் கத்தரிக்காயையே அரிந்தாள். சொத்தைக் காயும் நல்ல காயும் ஒன்றாக விழுந்தன.

“அன்னைக்கு நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா நீ சாச்சிருக்க மாட்டே” என்றாள், யாரையும் பார்க்காமல். அதற்கு மேல் அந்த வாய் இறங்கி வராது. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். “ஏத்தா ஜக்கு, முகூர்த்தக்காலுக்கு நவதானியம் நீயே பொடச்சு எடுத்து வையி. குழியில போடச் சின்னவ கை பத்தாது.”

உள்ளேயிருந்து ‘சரியத்தே’ என்று வந்தது. அவ்வளவுதான்.

செத்த நேரத்தில் ஜக்கம்மாள் வெளியே வந்தாள். கையில் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டு. தோட்டத்துப் பக்கமிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த ஆண்டிச்சாமியிடம், எந்தத் தெருவில் யாருக்கு யார் வைப்பது என்று பிரித்துக் கொடுத்தாள். கட்டுக்குள்ளிருந்து ஒன்றை உருவி, பொம்மையன் அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, புருஷனிடம் நீட்டினாள்.

“சுகன்யாவோட தாய்மாமனுக்கு நீங்களே வச்சுருங்க. மொறை விட்டுப் போகக் கூடாது.”

ஆண்டிச்சாமி மச்சான் முகத்தைப் பார்க்காமல் பத்திரிகையைக் கொடுத்தார். பொம்மையன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தங்கை வாயிலிருந்து ஒரு ‘அண்ணே’ விழுமா என்று இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தார். அவள் அடுத்த தெருக்காரர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்துர்றேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, வாசலைக் குறுக்கே கடக்காமல், சுவரோரமாகவே சுற்றி வெளியே போனார்.